மணி அடித்தால் எடுப்பவர் யார்?

பிள்ளைகளே, வீட்டுத் தொலைபேசியை ஒப்படைத்துவிட்டு ஒரு செல்போனோடு நிறுத்திக்கொள்ளலாமா, எந்தக் கம்பெனியில் எந்தத் திட்டம் நல்லது என்று காஞ்சிபுரத்தில் இன்னும் பல வீடுகளில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் பகுதியான பிள்ளையார்பாளையத்தில் என்னிடமும் வந்து கேட்கிறார்கள். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதியே காலத்தைக் கழித்தவன் நான். வரவு செலவு விஷயத்தில் ஒரு வழி சொல்வேன் என்ற நம்பிக்கை அவர்களுக்கு உண்டு. வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: மலிவானது எது? நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: பகலில் உங்கள் வீட்டில் இருப்பவர் யார்? இதற்கு விடை தெரிந்தவனுக்குத் திட்டம் தேர்வது எளிய வேலை. விடை தெரியாதவனுக்கு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது நட்டக் கணக்கே.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று விளங்க, இந்த ஊருக்குத் தொலைபேசி வந்த விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் இளைஞனாக இருந்தபோது தெருவுக்கு ஒரு போன் இருந்தாலே அது வசதியான தெரு. முதலாளி வீட்டிலோ ஜவுளிக்கடைக்காரர் வீட்டிலோ அது இருக்கும். மற்றவர்கள் தங்கள் கல்யாணப் பத்திரிகையில்கூட அந்த எண்ணைப் போட்டு, பக்கத்தில் 'பி.பி.' என்று அச்சடித்துக்கொள்வார்கள். சென்னையிலிருந்து அழைப்பு வந்தால் அந்த வீட்டுப் பையன் ஓடிவந்து தகவல் சொல்வான். தறியில் இருப்பவர் நாடாவை நிறுத்தி, குழியிலிருந்து ஏறி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போவார். அங்கே பேசுவதை அந்த வீடு முழுவதும் கேட்கும். நல்ல செய்தியானால் அவர்களும் மகிழ்ந்தார்கள். துக்கச் செய்தியானால் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்கள்.

வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் டிரங்க் கால் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சொந்தமாக இணைப்பு கேட்டு விண்ணப்பம் போட்டவர்கள் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். 1984-ல் சி-டாட் அமைப்பு தொடங்கப்பட்டு, நம் நாட்டிலேயே வடிவமைத்த தொலைபேசி நிலையக் கருவிகள் சிற்றூர்களுக்கும் போகத் தொடங்கிய பிறகே அந்தக் காத்திருப்பு மெல்லக் குறைந்தது. தொண்ணூறுகளில் எஸ்.டி.டி. பூத்துகள் தெருமுனைகளில் முளைத்தன. இரவு ஏறக் கட்டணம் இறங்கும் என்பதால், சாப்பாட்டை முடித்துக்கொண்டு வந்து வரிசையில் நின்று பேசியவர்கள் உண்டு. ஒருவழியாக வீட்டுக்கே இணைப்பு வந்தபோது, கூடத்தில் அதற்கென ஒரு சிறு மேசை, மேசைமேல் ஒரு துணி, பக்கத்தில் எண்கள் எழுதிய நோட்டு. அம்மா எடுத்தாலும் பாட்டி எடுத்தாலும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை எடுத்தாலும், எடுத்தது அந்த வீடு. கூப்பிட்டவருக்கு அது போதும்.

செல்போன் வேறு வழியில் வந்தது. 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கொல்கத்தாவிலிருந்து டெல்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியதுதான் இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு. அப்போது அது பெருஞ்செல்வர் பொருள். வருகிற அழைப்புக்கும் காசு. 2003 மே 1 முதல் அழைப்பவரே கட்டணம் தருவது என்ற முறை வந்து, உள்வரும் அழைப்பு இலவசமானது. அதற்குப் பிறகுதான் தறிக்காரர் கைக்கும் அது எட்டியது. நாடு முழுவதும் 2006 வாக்கில் ஏறக்குறைய 5 கோடியாக இருந்த வீட்டு இணைப்புகள், 2020 வாக்கில் ஏறக்குறைய 2 கோடிக்கு இறங்கிவிட்டன. இந்த மாற்றத்தை நான் குறை சொல்லவில்லை. செல்போன் வந்ததால் எத்தனையோ நெசவாளர்கள் புடவையின் படத்தை வாங்குபவருக்கே நேராக அனுப்பி விலை பேசுகிறார்கள். நான் எடைபோடுவது வேறு ஒன்றை. வீட்டுத் தொலைபேசி வீட்டுக்குச் சொந்தமானது. செல்போன் ஒரு ஆளுக்குச் சொந்தமானது. ஒன்றை எடுத்த இடத்தில் இன்னொன்றை வைக்கும்போது இந்த வேற்றுமையை மறந்தால், வீடு ஊமையாகிப் போகும்.

எங்கள் தெருவில் ஒரு குடும்பம். அப்பா தறியில். மகன் தறியை விட்டு ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தான். விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறினால் இரவுதான் வருவான். வீட்டுப் போனுக்கு மாதாமாதம் வாடகை கட்டுவது வீண் என்று அதை ஒப்படைத்துவிட்டு, தனக்கு நல்ல செல்போன் ஒன்று வாங்கி, அந்த எண்ணையே சொந்தக்காரர் எல்லாருக்கும் கொடுத்தான். கணக்குப்படி பார்த்தால் அவன் செய்தது சரி. ஒருநாள் காலை ஆரணியில் அவன் தாய்மாமன் இறந்துபோனார். அங்கிருந்து விடாமல் அழைத்திருக்கிறார்கள். தொழிற்சாலைக்குள் போனை எடுத்துப்போக அனுமதி இல்லை; அது அவன் பெட்டியில் பூட்டிக் கிடந்தது. அன்றைக்கு வீட்டிலேயேதான் இருந்தாள் அவன் அம்மா. கூடப்பிறந்தவன் முகத்தைக் கடைசியாகப் பார்க்க அவளுக்கு வாய்க்கவில்லை.

யாரைக் குறை சொல்வது? மகன் கெட்டவன் அல்ல. ஆரணிக்காரர்கள் அழைக்காமலும் இல்லை. செய்தி வந்து சேர வேண்டிய ஆள் வீட்டில் இருக்க, செய்தி வரும் வழி மட்டும் பஸ் ஏறிப் போய்விட்டது. அவ்வளவுதான் நடந்தது. அந்த அம்மா மகனை ஒரு சொல்லும் சொல்லவில்லை. பொறுத்துக்கொண்டாள். நம் தாய்மார்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்பதற்காக, அவர்கள் பொறுக்க வேண்டிய நிலையை நாம் உண்டாக்கலாகாது.

ஆகவே முதல் காரியம் இது. வீட்டுத் தொலைபேசியின் இடத்துக்கு வரும் செல்போன் வீட்டிலேயே இருக்க வேண்டும். உங்கள் கையிலிருக்கும் போன் வேறு, இது வேறு. வீட்டில் இருப்பவர் பெயரிலேயே அந்த சிம் இருக்கட்டும். கூடத்தில் அதற்கு ஒரு இடம் வையுங்கள். சார்ஜர் அங்கேயே செருகியிருக்கட்டும். கடைக்குப் போகிற பேரன் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகக் கூடாது. தறி இருக்கும் வீடானால் மணிச் சத்தத்தைத் தறி ஓடும்போதே சோதித்துப் பாருங்கள். பழைய போனின் மணி தறிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. இன்றைய செல்போன்கள் பலவற்றின் மெல்லிய இசை பலகை அடிக்கும் சத்தத்தில் அமுங்கிவிடும். பெரிய எழுத்தும் பெரிய பொத்தானும் உரத்த மணியும் உள்ள சாதாரண போன் போதும். ஆனால் அதில் ஒரு நுட்பம் உண்டு. பழைய 2ஜி பட்டன் போன் எல்லா கம்பெனி சிம்மிலும் வேலை செய்யாது. ஜியோ தொடக்கத்திலிருந்தே 2ஜி இல்லாத நிறுவனம். அங்கே 4ஜி பட்டன் போன்தான் வேண்டும். அலமாரியில் கிடக்கும் பழைய போனுக்குச் சிம் வாங்கப் போகிறவர்கள் அந்தப் போனையும் கையோடு கொண்டுபோய், கடையிலேயே போட்டுப் பேசிப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது, திட்டம். இங்கேதான் இளையவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். உங்களுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை ஜி.பி., இரண்டு ஜி.பி. வேண்டியிருக்கலாம். அழைப்பை எடுக்கவும் நாலு பேரிடம் பேசவும் மட்டுமே போன் வைத்திருக்கும் உங்கள் பாட்டிக்கு அது எதற்கு? வெகுகாலம் அவர்களும் அதற்குப் பணம் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அப்போது வேறு வழி இல்லை. 2024 டிசம்பர் 23 அன்று டிராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், ஒரு திருத்தம் கொண்டுவந்தது. ஒவ்வொரு நிறுவனமும் பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டம் ஒன்றையாவது தனியாகத் தர வேண்டும் என்றது. சிறப்புத் திட்டங்களின் காலத்தை 90 நாளிலிருந்து 365 நாள் வரை நீட்டிக்கவும் இடம் கொடுத்தது. அடுத்த மாதமே, 2025 ஜனவரியில், பெரிய தனியார் நிறுவனங்கள் இணையம் இல்லாத திட்டங்களை வெளியிட்டன. அப்போது 84 நாள் திட்டம் 450 முதல் 500 ரூபாய் அளவிலும், ஏறக்குறைய ஓராண்டு நீளும் திட்டம் 2,000 ரூபாய்க்குள்ளும் இருந்தன. விலை மாறிக்கொண்டே இருக்கும். வாங்கும் நாளில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆனால் கடைக்காரர் இந்தத் திட்டத்தைத் தானாக எடுத்துச் சொல்வார் என்று எதிர்பார்க்காதீர்கள். நெட் இல்லாத திட்டம் வேண்டும் என்று நீங்கள்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

கணக்கெழுதியவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்கிறேன். 28 நாள் திட்டத்தை மாதத் திட்டம் என்று நினைத்து வாங்குகிறார்கள். வருடத்துக்கு 12 முறை கட்டுவதாக எண்ணிக்கொண்டு 13 முறை கட்டுகிறார்கள். இதைப் பற்றிப் புகார் எழுந்ததால்தான், 30 நாள் திட்டம் ஒன்றும், ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றும் இருந்தாக வேண்டும் என்று டிராய் 2022-ல் சொன்னது. திட்டத்தின் விலையை அது நிற்கும் நாட்களால் வகுத்துப் பாருங்கள். ஒருநாள் செலவு தெரிந்துவிடும். அதற்கு மேல் விளம்பரம் எதையும் படிக்க வேண்டியதில்லை.

ஆனாலும் முதியவர் வீட்டுக்கு ஒருநாள் செலவைவிடப் பெரியது வேறொன்று: மறதி. பழைய போனில் பில் பிறகு வரும். தேதி தவறினாலும் உள்ளே வரும் அழைப்பு உடனே நின்றுபோகாது. பிரீபெய்டு அப்படி இல்லை. காலம் முடிந்தால் முதலில் நாம் பேசுவது நிற்கும், பிறகு நமக்கு வருவதும் நிற்கும். அந்தப் போனை வைத்திருக்கும் பெரியவருக்கு அது நின்றுபோனதே தெரியாது. யாரும் அழைக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டிருப்பார். ஆகவே பெரியவர்களுக்கு வருடத் திட்டம் எடுங்கள். ஒரே தடவையில் பணம் புரட்ட முடியாதென்றால், நீங்கள் பில் கட்டும் குடும்ப போஸ்ட்பெய்டு எடுத்து, அதில் அவர்களைச் சேர்த்துவிடுங்கள். பொங்கல் போனஸ் வரும் நாளையோ ஆடித் தள்ளுபடிக்குக் கூலி சேரும் நாளையோ ரீசார்ஜ் தேதியாக வைத்துக்கொண்டால் மறக்காது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்து முகம் பார்த்துப் பேசுகிறவர்கள் என்றால் இணையம் வேண்டும்தான். வீட்டில் வைஃபை இருந்தால் அதுவே போதும். சிம்முக்கும் தனியாக டேட்டா வாங்குவது ஒரே பொருளுக்கு இரண்டு முறை காசு கொடுப்பது.

மூன்றாவது, சிக்னல். எங்கள் ஊரின் பழைய வீடுகள் நீண்டு உள்வாங்கியவை, சுவர்கள் தடித்தவை. திண்ணையில் நின்றால் முழுதாகக் கிடைக்கும் சிக்னல் இரண்டாம் கட்டுக்குப் போனால் காணாமற்போகும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று ஒரு கம்பெனியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளிகளின் போனை வாங்கி, அம்மா வழக்கமாக உட்காரும் இடத்தில், தறிக்குழியில், சமையற்கட்டில் வைத்துப் பேசிப் பாருங்கள். அந்த மூன்று இடத்திலும் எது நிற்கிறதோ அதுவே உங்கள் கம்பெனி. எதுவுமே நிற்காத வீடுகளும் உண்டு. அங்கே வைஃபை வழியாகவே அழைப்பு பேசும் வசதியுள்ள போன் வாங்க வேண்டும். நம்மூரில் இன்னொரு சோதனையும் உண்டு: திருவிழா நாள். வைகாசியில் வரதர் கருட சேவை அன்றைக்கு அழைத்துப் பாருங்கள். 2019-ல் அத்திவரதர் எழுந்தருளிய 48 நாளில், ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் இந்த ஊருக்கு வந்தார்கள். கோவிலைச் சுற்றிய தெருக்களில் செல்போன் கையில் இருந்தும் அடிக்கடி பயன்படாமல் போனது. கூட்டத்தில் பிரிந்தவர்கள் வீட்டுப் போன் இருக்கும் கடைகளைத் தேடி நின்றதை நான் பார்த்தேன்.

மின்சாரத்தையும் எண்ண வேண்டும். பழைய செம்புக் கம்பி இணைப்புக்கு வீட்டு மின்சாரம் தேவையில்லை. தொலைபேசி நிலையத்தில் இருக்கும் மின்கல அடுக்கிலிருந்து 48 வோல்ட் அந்தக் கம்பி வழியாகவே வந்தது. அதனால்தான் தெருவே இருண்டு கிடக்கும்போதும் மணி அடித்தது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களை அடித்துப்போட்டபோது மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. செல்போன் கோபுரங்களும் வாய்மூடின. இப்போது செம்புக் கம்பிக்குப் பதில் ஃபைபர் வருகிறது. பேச்சு தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் ஃபைபர் முடிகிற பெட்டிக்கு வீட்டு மின்சாரம் வேண்டும். கரண்ட் போனால் போனும் போகும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஃபைபர் போட்டவர்கள் அந்தப் பெட்டிக்கு ஒரு சிறு பேட்டரியும், செல்போன் வைத்திருப்பவர்கள் ஒரு பவர் பேங்கும், மழைக்காலத்துக்கு முன்பே வாங்கி வையுங்கள்.

இனி எண்ணுக்கு வருகிறேன். இதில்தான் நான் அதிக நேரம் நிற்க விரும்புகிறேன்.

வீட்டுப் போன் எண்ணை அப்படியே செல்போனுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நம் நாட்டில் அந்த வசதி இல்லை. ஒரு செல்போன் நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குத்தான் எண்ணைக் கொண்டுபோக முடியும். அதுவும் 2011 ஜனவரி 20 முதல்தான் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. ஆக, 044-ல் தொடங்கி இத்தனை வருடம் உங்கள் வீட்டைக் குறித்த அந்த எண், இணைப்பை ஒப்படைக்கும் நாளோடு போய்விடும். அதை எத்தனை பேர் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஜரிகைக்காரர், பெங்களூரிலிருந்து வரும் பட்டுநூல் வியாபாரி, முப்பது வருடம் முன்பு முகூர்த்தப் புடவை வாங்கிப்போய் இப்போது மகளுக்கு எடுக்க வருகிற வெளியூர்க்காரர். அவர்களில் பலரிடம் உங்கள் செல்போன் எண் இல்லை. பழைய பையில் அச்சடித்த எண்தான் இருக்கிறது.

தறியில் ஒரு பாவு முடியும்போது அதை முழுதும் உருவி எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதில்லை. பழைய இழைகளின் முனையைத் தறியிலேயே விட்டுவைத்து, புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அதோடு முறுக்கிப் பிணைக்கிறோம். ஆயிரக்கணக்கான இழைகள், கண் நோகும், முதுகு நோகும், ஆனால் அவசரப்பட்டு ஒரு இழையை விட்டால் புடவை நெடுகக் கோடு விழும். எண்ணை மாற்றுவதும் அப்படித்தான். புதிய செல்போனை வாங்கிய பிறகும் சில மாதம் பழைய இணைப்பை வைத்திருங்கள். மாத வாடகை கொஞ்சம் கூடுதலாகப் போகும், போகட்டும். அந்த மாதங்களில் பழைய எண்ணுக்கு வரும் ஒவ்வொரு அழைப்பிலும் புதிய எண்ணைச் சொல்லி, எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். யாரிடம் சொன்னீர்களோ அவர் பெயரை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கடைப் பலகை, பை, ரசீதுப் புத்தகம் எல்லாம் மாறட்டும். எங்கள் சங்கத்தில் உறுப்பினர் பதிவேட்டை மாற்றுவதற்கே ஒரு முழுப் பருவம் பிடித்தது. பொறுமையாகச் செய்ததால் ஒருவர் பெயரும் விடுபடவில்லை.

புதிய எண் வந்ததும் அதை விட்டுவிடாமல் காப்பதும் அவ்வளவு முக்கியம். இன்று வங்கிக் கணக்கு, ஆதார், குடும்ப அட்டை, கேஸ் எல்லாம் செல்போன் எண்ணோடு கட்டப்பட்டிருக்கின்றன. வீட்டுப் போனுக்கு ஓ.டி.பி. வராது. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்த நாளில், அவர் பிறந்த இந்தக் காஞ்சிபுரத்தில்தான் தொடங்கப்பட்டது. பணம் கணக்கில் ஏறிய செய்தி எந்த எண்ணுக்கு வர வேண்டும்? தொகை பெறும் அம்மாவின் எண்ணுக்கு. மகனின் எண்ணைக் கொடுத்துவிட்ட வீடுகளில், தன் பணம் வந்ததா என்று தாய் மகனைக் கேட்க வேண்டியிருக்கிறது. இந்தச் சிறுமை அவளுக்கு வேண்டாம். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் நிரந்தரமாக நமக்கே இருக்கும் என்றும் எண்ணாதீர்கள். துண்டிக்கப்பட்ட எண் 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். உங்கள் வங்கிச் செய்தி யாரோ ஒருவரின் பையில் போய் ஒலிக்கும். எண்ணை விடுவதானால் அதற்கு முன் வங்கியிலும் ஆதாரிலும் மாற்றிவிட்டு விடுங்கள்.

நிறுவனங்களும் நிலையானவை அல்ல. தமிழ்நாட்டில் வேரூன்றிப் பல லட்சம் பேர் நம்பியிருந்த ஏர்செல் 2018 தொடக்கத்தில் சேவை முடங்கி, திவால் மனு போட்டது. எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றக் குறியீடு கேட்டு மக்கள் கடை வாசல்களில் வரிசை கட்டினார்கள். அப்போது தப்பியவர்கள் எண்ணைக் கொண்டுபோகும் வழி தெரிந்தவர்கள். அந்த வழி எளிது. 'போர்ட்' என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் அடித்து, இடைவெளி விட்டு உங்கள் எண்ணைச் சேர்த்து 1900-க்குச் செய்தி அனுப்பினால் எட்டு எழுத்துக் குறியீடு ஒன்று வரும். அது நான்கு நாள் செல்லும். அதற்குள் புதிய நிறுவனத்தின் கடையில் கொடுக்க வேண்டும். ஒரு நிறுவனத்தில் 90 நாள் இருந்த பிறகே மாற முடியும். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை ஏற்றியபோது பி.எஸ்.என்.எல்.-க்கு மாறியவர்கள் பலர் இந்த வழியில்தான் போனார்கள். கட்டணம் ஏறியதற்காக மாறுவதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் வருடத்துக்கு ஒருமுறை சலுகையைத் துரத்திக்கொண்டு மாறுகிறவர்கள், பெரியவர்களின் போனையாவது விட்டுவைக்க வேண்டும். ஒரு பட்டனுக்குப் பழகிய விரலுக்குப் புதிய பட்டன் கற்றுத்தர எவ்வளவு பொறுமை வேண்டும் என்பது கற்றுக்கொடுத்தவர்களுக்குத் தெரியும்.

வீட்டுப் போனில் கேட்காத ஒரு ஆபத்தும் செல்போனோடு வீட்டுக்குள் வருகிறது. போலீஸ் என்றும் வங்கி என்றும் சொல்லி மிரட்டி, பெரியவர்களின் சேமிப்பைக் கறக்கும் கூட்டம் பெருகிவிட்டது. பணம் போனால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லி, அந்த எண்ணைப் போனின் பின்புறம் ஒட்டிவிடுங்கள். அவர்கள் பெயரில் வேறு யாரேனும் சிம் வாங்கியிருக்கிறார்களா என்று அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் நீங்களே பார்த்துச் சொல்லலாம்.

எல்லாரும் வீட்டு இணைப்பை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பலகையிலும் பையிலும் பல வருடமாக அதே எண்ணைப் போட்டு வியாபாரம் செய்யும் கடைகள், எந்த நிறுவனத்தின் சிக்னலும் உள்ளே நிற்காத வீடுகள், கை நடுக்கத்தால் செல்போன் பிடிக்க முடியாத பெரியவர் தனியாக இருக்கும் வீடுகள், இவர்கள் வைத்துக்கொள்வதே நல்லது. அதே எண்ணை வைத்துக்கொண்டு ஃபைபருக்கு மாற முடியுமா என்று தொலைபேசி அலுவலகத்தில் கேளுங்கள். மற்றவர்கள் விடலாம். விடும்போது முறையாக விடுங்கள். இணைப்பு இறந்துபோன தாத்தா பெயரில் இருந்தால் முதலில் வாரிசு பெயருக்கு மாற்றுங்கள். கடைசிப் பில்லைக் கட்டி, கருவியைத் திருப்பிக் கொடுத்து, ரசீது வாங்குங்கள். வைப்புத்தொகை திரும்ப வர வேண்டியது. அதைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் தாத்தா தறிக்கூலியில் மிச்சம் பிடித்துக் கட்டிய பணம்.

இணைப்பை ஒப்படைக்கும் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். புதிய போனை அம்மாவிடமோ பாட்டியிடமோ கொடுங்கள். தெருமுனையில் நின்று நீங்கள் அழையுங்கள். அவர்களே எடுக்கட்டும். பிறகு அவர்களே உங்கள் எண்ணை அழுத்தி உங்களை அழைக்கட்டும். யார் உதவியும் இல்லாமல் அது நடக்கும்வரை பழைய இணைப்பை விடாதீர்கள்.